பச்சைப் பெல்ட்டும் ஒரு முட்டு வலியும்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்களில் கரண்டியால் சோறு தின்றவர் சிவசைலம் ஒருவர்தான். மற்றவர்கள் வேலை முடிந்ததும் அருவித் தண்ணீரில் கையை ஒரு அலசு அலசிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்ப்பார், அப்புறம் சாம்பல் போட்டுத் தேய்ப்பார், எலுமிச்சைத் தோலை நகக்கண்ணில் விட்டுக் குடைவார். கடைசியில் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும் ஈயக் கரண்டியை எடுப்பார். துரை சாப்பிடுகிறார் என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். எவன் எவன் முதுகிலோ ஊர்ந்து வந்த விரலை வாய்க்குள் வைக்க அவருக்குக் குமட்டியது.

ஐம்பதாம் வருஷம், பதினெட்டு வயதில், குத்துக்கல்வலசையிலிருந்து சைக்கிள் மிதித்து இந்த வேலைக்கு வந்தவர். மழை பொய்த்து வயலில் கூலி இல்லாமல் போன வருஷம் அது. ஒரு சீசன் மட்டும் என்று சொல்லித்தான் வந்தார். பதினேழு சீசன் ஓடிவிட்டது.

சீசன் என்றால் ஊருக்கெல்லாம் சாரல், குளிர்காற்று, பலாப்பழம், ரம்புட்டான். சிவசைலத்துக்குச் சீசன் என்றால் முதுகு. விடியும் முன்னே வந்து கல்லில் குப்புற விழும் முதுகுகள். மயிர் மண்டிய முதுகு, படர்தாமரை படர்ந்த முதுகு, பருவெடித்த முதுகு, தேய்க்கத் தேய்க்க அழுக்கு திரியாகத் திரளும் முதுகு. படுத்த இடத்திலேயே ஏப்பம் விடுவான் ஒருவன். குடலில் நேற்றைய பரோட்டாவை வைத்துக்கொண்டு வயிற்றை அமுக்கச் சொல்லுவான் இன்னொருவன். பணக்காரன் முதுகென்றால் கொஞ்சம் மணக்கும் என்று புதிதில் நினைத்திருந்தார். பவுடர் போட்ட நாற்றம் சாதா நாற்றத்தைவிட மோசம் என்று பிறகு தெரிந்தது. எண்ணெய் வழிந்து வழிந்து கல்லும் தரையும் வழுவழுவென்று கிடக்கும். அதில் ஊறிய மயிர்க்கற்றைகளும் பிய்ந்த வாழையிலைகளும் ஓடையில் மிதந்து போவதைப் பார்த்தால் அவருக்கு அருவியே அசிங்கமாகத் தெரியும்.

இத்தனை அருவருப்பிலும் அந்தக் கைக்கு ஒரு பேர் இருந்தது. யார் வந்து படுத்தாலும், அவன் வாய் திறக்காமலே, என்ன வேலை பார்க்கிறவன் என்று சிவசைலம் சொல்லிவிடுவார். வலது தோள் இறங்கியிருந்தால் லாரி டிரைவர். இடது இடுப்பில் சதை திரண்டிருந்தால் குடம் சுமக்கிறவன், இல்லாவிட்டால் கோயிலில் மடப்பள்ளிக்காரன். கழுத்து முன்னால் நீண்டு முதுகில் கூன் தட்டினால் குமாஸ்தா. ஒரு தடவை வெள்ளை வேட்டியும் தங்க மோதிரமுமாக வந்த ஒருவரை, அண்ணாச்சி சின்ன வயசில் தறி மிதித்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார். வந்தவர் எழுந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஆமாம் என்றார். லாட்ஜில் வந்து தங்குகிறவர்கள் இதற்காகவே அவரைத் தேடி வருவார்கள். சிவசைலம் கை சொன்னால் சரிதான் என்பது தென்காசி வரைக்கும் பேச்சாகிப் போனது.

கேட்கிறவர்களுக்கு அது வேடிக்கை. அவருக்கோ அது கூடுதல் தொந்தரவு. தொட்ட உடம்போடு போகாமல் அந்த உடம்பின் கதையும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் எதைப் போட்டுக் கழுவுவது? மனைவி பேராச்சி அவர் தலையணை உறையைத் தனியாகத் துவைப்பாள், தனிக் கொடியில் காயப்போடுவாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றும்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம், அந்தக் கைக்குப் பிடிபடாத ஒரு உடம்பு வந்து கல்லில் படுத்தது. வயது இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். ஒல்லி. எங்கேயும் தொளதொளப்பு இல்லை, எங்கேயும் முறுக்கிக்கொள்ளவும் இல்லை. தோள், முதுகு, தொடை எல்லாம் தன் தன் வேலை தெரிந்து அடங்கி இருந்தன. விரல் முட்டிகள் மட்டும் புளியங்கொட்டை போலக் காய்த்திருந்தன. சிவசைலம் அரை மணி நேரம் தேய்த்தும் அந்த ஆள் என்ன தொழில் செய்கிறவன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிட ஆச்சரியம், அவருக்கு அருவருப்பே வரவில்லை. தோல்வியை ஒத்துக்கொண்டு, தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார்.

வந்தவன் பெயர் அகமது கபீர். தென்காசியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, பினாங்கில் மாமன் கடையில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். அங்கே, ஜப்பான்காரர் ஒருவரிடம் பயின்ற ஓர் ஆளிடம் கராத்தே படித்தானாம். கராத்தே என்ற சொல்லையே சிவசைலம் அன்றுதான் கேள்விப்பட்டார். வெறுங்கையால் அடிக்கிற வித்தை, வெறுங்கை என்றுதான் அதற்கு அர்த்தமும் என்று கபீர் சொன்னான். அந்த அர்த்தத்தைக் கேட்டபோது சிவசைலத்துக்கு எச்சில் ஊறியது. வெறுங்கை. மேலே எண்ணெய் இல்லாத கை.

மறுநாள் விடியலில் கபீர் வீட்டுப் பின்புறத்துப் பழைய தறிக்கூடத்தில் போய் நின்றார். அங்கே இருந்த எட்டுப் பேரும் இருபதைத் தாண்டாதவர்கள். இவருக்கு முப்பத்து மூன்று. கபீர் அவரை அண்ணாச்சி என்றான், அவர் கபீரை மாஸ்டர் என்றார். இரண்டு பேருக்கும் அது கடைசிவரை மாறவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். கருக்கலில் தறிக்கூடம், பொழுது ஏறினதும் குற்றாலம். காலையில் இச்சி, நி, சன், சி என்று ஜப்பான் எண்ணிக்கையில் குத்து. பிறகு வைக்கோல் பிரி சுற்றிய கட்டையில் முட்டியால் நூறு அடி. கடைசியில் கட்டா. எதிரே ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு தடுப்பதும் அடிப்பதும் திரும்புவதுமாக ஒரு வரிசை, அதற்குப் பெயர்தான் கட்டா. சிவசைலத்துக்குக் கட்டா போடுவதில் இருந்த சந்தோஷம் மற்றவர்களுக்குப் புரியாது. எதிரே ஆள் இல்லை, அதனால் யாரையும் தொட வேண்டியதில்லை. அடி காற்றில் விழும். வெட்கமில்லாமல் சொன்னால், அவர் வாழ்க்கையில் கண்ட சுத்தமான இடம் அந்தக் காற்றுதான்.

கபீர் வீட்டுத் தறியில் நெய்த காடாத் துணியில் அவருக்கு ஒரு வெள்ளை உடுப்பு தைத்தார்கள். வீட்டில் எண்ணெய்க் கறை படாத துணி அது ஒன்றுதான். பேராச்சி அதைப் பனையோலைப் பெட்டியில் தனியாக மடித்து வைத்தாள். அதை எடுக்குமுன் அவர் மூன்று தடவை கை கழுவுவார். கழுவாமல் அவளும் தொடமாட்டாள்.

அறுபத்தேழில், வைகாசி கடைசியில், மேக்கரைக்கு மேலே உள்ள ஒரு ஏலக்காய் எஸ்டேட்டின் மேனேஜர் குற்றாலத்துக்கு எண்ணெய்க் குளியலுக்கு வந்தார். கல்லில் படுத்துக்கொண்டே தன் கஷ்டத்தைச் சொன்னார். ஏலக்காய் திருட்டு, காவலுக்கு நல்ல ஆள் கிடைக்கவில்லை. சிவசைலம் தான் கராத்தே படிப்பதைச் சொன்னார். மேனேஜர் அந்தச் சொல்லை எங்கோ பத்திரிகையில் படித்திருந்தார். பச்சைப் பெல்ட்டுக்கு சர்டிபிகேட் கொண்டு வா, காவலுக்கு உன்னைத்தான் வைப்பேன், வீடும் தருவேன் என்றார். சொன்னது மரத்துப் போன தோள்பட்டையைச் சிவசைலம் பிசைந்துகொண்டிருக்கும்போது. இனி யார் தோள்பட்டையையும் பிசைய வேண்டாம் என்கிற வேலை இந்தத் தோள்பட்டையிலிருந்துதான் வர வேண்டுமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

கபீரிடம் கறுப்புக்கு ஒரு படி கீழான பழுப்புப் பெல்ட்தான் இருந்தது. பழுப்புக்காரன் பரீட்சை வைக்கக் கூடாது, கறுப்புப் பெல்ட்காரர் வந்துதான் வைக்க வேண்டும். அவன் ஒரு வாரப் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து மதராஸுக்குக் கடிதம் போட்டான். புரொபசர் கஜராஜ், கறுப்புப் பெல்ட், ஐந்தாம் படி என்று அச்சடித்த தாளில் பதில் வந்தது. ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தார்.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பே சிவசைலம் வேலையை நிறுத்திவிட்டார். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, லாட்ஜுகளில் இடமில்லை, கல்லுக்குக் கல் ஆள் குப்புறக் கிடக்கிறான், இந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்தவருக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றார்கள் கூட்டாளிகள். அவர் காதில் வாங்கவில்லை. மூன்று நாளும் சீயக்காய், சாம்பல், எலுமிச்சை. மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து கையை முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை வாசம் மட்டும்தான் இருந்தது. கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கவளம் கையால் எடுத்து வாயில் போட்டார். பேராச்சி பார்த்தும் பார்க்காதது போலக் குழம்பு ஊற்றினாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவரும் பார்க்காதது போல இருந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் புரொபசர் வந்து இறங்கினார். கனத்த ஆள், கறுப்புக் கண்ணாடி, தகரப் பெட்டி நிறைய பெல்ட். நேரே குற்றாலம் லாட்ஜுக்குப் போனவர் முதலில் கேட்டது எண்ணெய்க் குளியல். கபீர் கல்லுக்குக் கல் அலைந்து ஆள் கிடைக்காமல், கடைசியில் சிவசைலத்திடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, ஒங்களக் கேக்கப்பிடாது. இன்னைக்குப் போயி கேக்கப்பிடாது. ஒரு ஆளும் அமைய மாட்டேங்கான். அவரு பெரிய மனுசன், எனக்கு வேற வழி தெரியல."

மூன்று நாள் கழுவிய கையைச் சிவசைலம் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். ஆனால் கபீர் இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. தவிர, ஐந்தாம் படிக் கறுப்புப் பெல்ட் உடம்பு எப்படி இருக்கும் என்று கைக்கு ஒரு ஆசையும் இருந்தது. கபீரின் உடம்பே அப்படி என்றால் இது எப்படி இருக்கும்? எண்ணெய்க் கிண்ணியை எடுத்துக்கொண்டு போனார்.

தோளில் கை வைத்ததுமே ஆசை செத்துவிட்டது. சதை வெண்ணெயாகக் குழைந்தது. விரல் முட்டிகளைத் தடவினார், பிறந்த பிள்ளைக்கு இருக்கிற மாதிரி மெத்தென்று இருந்தன. கழுத்து குனிந்தே பழகியது. வலது கட்டைவிரல் அடியில் மட்டும் வளையமாக ஒரு காய்ப்பு. இடது ஆள்காட்டி விரல் நுனியில் பொடிப்பொடியாகக் குத்துத் தழும்பு. கெண்டைக்காலில் கால் மிஷின் மிதிக்கிறவனுக்கு உண்டான இறுக்கம். பதினேழு வருஷத்தில் அவர் கை இருபது தையல்காரர்களையாவது தொட்டிருக்கும். இந்த ஆள் கத்திரிக்கோல் பிடித்தவன், ஊசி பிடித்தவன். ஒரு நாள்கூட முஷ்டி பிடித்தவன் இல்லை.

தையல்காரன் என்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அது உழைத்துத் தின்கிற உடம்பு. அந்த உடம்பின்மேல் இந்தப் பொய்யைப் பூசிக்கொண்டு வந்து படுத்திருந்ததுதான் அவருக்குக் குமட்டியது. இப்படி ஒரு அசிங்கத்தை அவர் கை அதுவரை தொட்டதில்லை. முழங்கால் முட்டு இரண்டையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒரு நோக்காடும் இல்லாத, வாலிபனுக்கு இருக்க வேண்டிய முட்டு.

புரொபசர் பாதித் தூக்கத்தில் முனகினார்.

"கை நல்லாருக்குப்பா. நீயும் பரீட்சைக்கு வரியாமே? பச்சை தானே? போட்டாச்சுன்னு வெச்சுக்கோ."

புரொபசருக்குச் சீயக்காய் தேய்த்துக்கொள்ளச் சோம்பல். ஒரு துண்டால் மேலோடு துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அங்கிருந்து நேரே கபீரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்து மறுபடியும் கையைக் கழுவினார். சொன்னால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் சர்டிபிகேட் இல்லை, எஸ்டேட் இல்லை, திங்கட்கிழமை காலையில் மறுபடி கல், மறுபடி முதுகு. நேற்று ராத்திரி தின்ற அந்த ஒரு கவளம் நாக்கில் இன்னும் இருந்தது. சொல்லலாம், பரீட்சை முடியட்டும், தாள் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தனக்குத் தானே சமாதானம் பேசினார். மூன்று நாள் கழுவிய கையில் மறுபடி எண்ணெய் வாடை அடித்தது. தோல் சிவக்கத் தேய்த்தும் போகவில்லை.

பழைய குற்றாலம் போகிற வழியில் ஒரு தோப்பு. தகரக் கொட்டகை போட்டு, ஒரு மேஜையும் நாற்காலியும் வைத்திருந்தார்கள். மேஜைமேல் கையெழுத்துப் போடாத சர்டிபிகேட்டுகள் ஒன்பது, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லும் வைத்திருந்தது. எஸ்டேட் மேனேஜரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கபீர் வீட்டு ஆட்கள், லாட்ஜ்காரர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

சாரலில் சிவசைலம் கட்டா போட்டார். அன்று அவர் போட்டதுபோல இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் போட்டதில்லை. ஒவ்வொரு திருப்பமும் வெட்டு விழுந்தாற்போல வந்தது, ஒவ்வொரு குத்துக்கும் சட்டைக் கை பட்டென்று சத்தம் போட்டது. கபீர் கண் கொட்டாமல் பார்த்தான். யாருக்காக அந்தக் கட்டாவோ அந்த மனுசன் மட்டும் ரம்புட்டான் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். கொட்டையைத் துப்பிவிட்டு, குட் என்றார். அடுத்து வந்த பையன் தன்னையறியாமல் இரண்டு அடியை விழுங்கிவிட்டு முடித்தான். அதற்கும் குட் என்றார். கபீரின் முகம் அப்போதுதான் மாறியது. சிவசைலம் அதைப் பார்த்துவிட்டார்.

எல்லாம் முடிந்து புரொபசர் பேனா மூடியைத் திருகியபோது கபீர் கைகட்டி முன்னால் போய் நின்றான். பிள்ளைகள் கறுப்புப் பெல்ட்டின் அடியை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், சின்னதாக ஒரு கட்டா போட்டுக் காட்ட வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டான். புரொபசர் சிரித்தார். போடலாம்தான், போன மாதம் ஒரு போட்டியில் முட்டில் அடி, டாக்டர் காலை மடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கபீர் திரும்பி, எல்லார் முன்னிலையிலும், சிவசைலத்தைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணாச்சி, காலைல நீங்க தொட்டுப் பாத்தீங்கள்லா. ஒங்க கை என்ன சொல்லுது? நீங்க சொன்னா நான் நம்புதேன்."

புரொபசரின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. மேனேஜர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஐம்பது பேரும் சிவசைலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். அவரும் ஒரு தடவை தன் கையைப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் அந்தக் கை பீடைகளையெல்லாம் தொட்டிருக்கிறது, பொய் சொன்னதில்லை. பொய் ஒன்றுதான் அதில் ஒட்டாமல் இருந்தது.

"முட்டு கெட்டுத்தான் போயிருக்கு மாஸ்டர்" என்றார் சிவசைலம். "வீக்கம் உள்ளுக்குள்ள இருக்கு. அவரால மடக்க முடியாது."

அவ்வளவுதான். கபீரின் தோள் தளர்ந்தது, முகத்தில் வெளிச்சம் வந்தது. சந்தேகப்பட்டதற்காகப் புரொபசர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். பேனா தாளில் இறங்கி ஒன்பது தடவை கிறுக்கியது.

புரொபசர் சிவசைலத்தைத்தான் முதலில் கூப்பிட்டார். வெள்ளைப் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுப் பச்சையைத் தன் கையாலே கட்டினார். எட்டு வரிசைத் தையல், நூல் பிசகாமல், அவ்வளவு நேர்த்தி. கட்டி முடித்து முதுகில் ஒரு தட்டு தட்டி, மாஸ்டர் ஆக வேண்டிய ஆள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எண்ணெய் போகக் குளிக்காத விரல்கள். வெள்ளை உடுப்பின் இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைவிரல் கறை பதிந்தது. நல்லெண்ணெய்க் கறை. காலையில் சிவசைலமே தேய்த்த எண்ணெய்.

பேராச்சி அதைச் சோடா உப்பில் ஊறவைத்துப் பார்த்தாள், வெள்ளாவியில் வைத்துப் பார்த்தாள். கறை மங்கியதே தவிரப் போகவில்லை. பெல்ட் கட்டினால் மறைந்துவிடும் என்று ஆறுதல் சொன்னாள். அவருக்கு அந்த உடுப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆவணியில் எஸ்டேட்டுக்குக் குடி போனார்கள். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, சுற்றி ஏலக்காய் வாசம், மைல் கணக்கில் ஒரு முதுகு கிடையாது. சர்டிபிகேட்டை மேனேஜர் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டார். வேறு எஸ்டேட்டுக்காரர் யார் வந்தாலும் அதைக் காட்டுவார். திருட்டு உண்மையிலேயே குறைந்தது. அந்தத் தாளைப் பார்த்த கங்காணிகள் கீழே போய்ச் சொன்ன கதையே போதுமானதாக இருந்தது. காவல்காரர் கையில் எண்ணெய் தொட்டு மாதம் நாலாகிவிட்டது. ஆனாலும் சோற்றுக்கு உட்காரும்போது கரண்டி கேட்டார். எண்ணெய்தான் இல்லையே என்று பேராச்சி ஒரு நாள் கேட்டாள். நாத்தம் போகமாட்டேங்குது என்றார். அவள் அந்தக் கையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஏலக்காய் வாசம்தான் அடித்தது. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

தை மாதம் ஒரு நாள் கபீர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறி வந்தான். கறுப்புப் பெல்ட் பரீட்சைக்கு மதராஸ் போயிருந்தானாம், புரொபசர் கொடுத்த விலாசத்துக்கு. வாசலில் தையல் கடை போர்டு. உள்ளே புரொபசர் கால் மிஷினில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாராம். மிதிக்கும்போது முட்டு நன்றாகத்தான் மடங்கியதாம். கபீர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். திரும்பி வந்ததும் எட்டுப் பேர் சர்டிபிகேட்டையும் வாங்கி அடுப்பில் போட்டுவிட்டானாம். ஒன்பதாவதுக்காக வந்திருக்கிறான்.

அது ஆபீஸ் சுவரில் இருக்கிறது, மேனேஜர் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று மட்டும் சிவசைலம் சொன்னார்.

கபீர் கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தான்.

"அப்பம் தொங்கட்டும்" என்றான். "நான் ஏமாந்தது அந்த ஆளுகிட்ட இல்ல அண்ணாச்சி."

பேராச்சி காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் போனான். போகும்போதும் அண்ணாச்சி என்றே சொல்லிவிட்டுப் போனான். காறித் துப்பியிருக்கலாம். அதைத் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த அண்ணாச்சியைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து பனையோலைப் பெட்டியை அவர் திறக்கவில்லை. நின்று கட்டா போட மனசு வந்தாலும் முதல் தடுப்பிலேயே கை தானாக இறங்கிவிடும். எதிரே ஒரு ஆளும் இருக்கக் கூடாத அந்தக் காற்றில் இப்போது ஒரு ஆள் நின்றார், ரம்புட்டான் தின்றுகொண்டு.

அடுத்த வருஷம் சீசனில் எஸ்டேட் முதலாளி குடும்பத்தோடு வந்தார். மேனேஜர், காவல்காரன் முன்பு எண்ணெய் தேய்த்த கதையைச் சொல்லாமல், பெருமையாகச் சர்டிபிகேட்டைக் காட்டிவிட்டுச் சிவசைலத்தைக் கூப்பிட்டு விட்டார். முதலாளியின் பெண்டு பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னதாக ஒன்று போட்டுக் காட்டு, ஐயா பார்க்கட்டும் என்றார் மேனேஜர். இரண்டு வருஷம் கருக்கலில் எழுந்து படித்தது அத்தனையும் உடம்பில் அப்படியே இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் அது தானாக ஓடியிருக்கும்.

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். "முட்டு வலி ஐயா" என்றார். "மடக்க முடியல."

முதலாளிக்கு ஏமாற்றம்தான். ஆனால் நல்ல மனுசர். அவரே பரிவாக ஒரு யோசனை சொன்னார். "கீழ குத்தாலத்துல ஒருத்தன் இருந்தானாமே, தொட்டாலே என்ன ஏதுன்னு சொல்லிருவானாம். அவங்கிட்டப் போயி எண்ணெய் தேச்சுக்கோ. அவன் கை பொய் சொல்லாதுன்னு சொல்லுதாங்க."

சரி ஐயா என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு படியிறங்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் தோட்டத்து வளைவு தாண்டும் வரை நொண்டிக்கொண்டே போனார்.